கோரைக்கிழங்கும் முப்பது நாள் கதிர்வீச்சும்

2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டிருந்தபோது என் அண்ணனின் இடது கை தானாகத் துடிக்கத் தொடங்கியது. பையைக் கீழே போட்டுவிட்டு வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது. வலது நெற்றிப்பகுதி மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க் கட்டி. அப்போது அவருக்கு வயது 58. அதன் பிறகு முப்பது நாள் கதிர்வீச்சும், அதனுடன் புற்றுநோய் மாத்திரையும், பின்னர் ஆறு சுற்று மாத்திரையும் ஒரு நாள் தவறாமல் நடந்தன. அப்படியிருந்தும் 2023 ஜூலையில் கட்டி பழைய இடத்தின் விளிம்பிலேயே மறுபடியும் வளர்ந்தது. 2024 ஜனவரியில் அண்ணன் காலமானார்.

இந்த இருபது மாதங்களில் எங்கள் குடும்பத்தில் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "இவ்வளவு கதிர்வீச்சு வைத்தும் அது ஏன் சாகவில்லை?" என்பதுதான். விடை தெரியாதவரை அந்தக் கேள்வி யார்மீதாவது பழியாகப் போய் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணி மூன்று மாதத் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று விட்டுவிட்டார் என்றார் ஒருவர். நான் வேறு மருத்துவமனையைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அண்ணன் மனம் விட்டுவிட்டார் என்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னவர்களும் உண்டு. விடை எங்கள் யாரிடமும் இல்லை, அந்தக் கட்டியின் இயல்பில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; அண்ணனுடன் ஒவ்வொரு மருத்துவச் சந்திப்புக்கும் போய், புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கையேட்டில் குறித்துக்கொண்டவன்.

முதல் தவறான புரிதல் அறுவை சிகிச்சை முடிந்த அன்றே தொடங்கியது. "படத்தில் தெரிந்த கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம்" என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் "முழுவதும் எடுத்துவிட்டோம்" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். "படத்தில் தெரிந்த" என்ற சொற்களில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. இந்த வகைக் கட்டிக்கு ஓடு கிடையாது. அதன் செல்கள் நரம்பிழைகளையும் இரத்தக் குழாய்களையும் பற்றிக்கொண்டு, எந்த ஸ்கேனிலும் தென்படாமல், நல்ல மூளைக்குள் வெகுதூரம் ஊர்ந்துபோய்விடுகின்றன. 1928இல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கை கால் ஏற்கெனவே செயலிழந்துபோன நோயாளிகள் சிலருக்கு, கட்டி இருந்த வலது பாதி மூளையையே அகற்றிப் பார்த்திருக்கிறார். அப்படியும் கட்டி திரும்பி வந்தது.

இதை நான் அண்ணனிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோரை மாதிரி" என்றார். எங்கள் அப்பா மன்னார்குடிப் பக்கத்தில் விவசாயம் செய்தவர். கோரைப்புல்லைக் கைநிறையப் பிடுங்கிப்போட்டு வயல் சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் வந்து நின்றால், மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்கு மண்ணுக்குள்ளேயே ஓடும் கறுத்த கொடியைத் தூக்கிக் காட்டுவார். மேலே பிடுங்கிய புல்லுக்கும் அந்தக் கொடிக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் பத்து நாளில் முளை வந்துவிடும். அண்ணன் சொன்ன உவமை எவ்வளவு பொருத்தமானது என்பது பின்னர் ஓர் ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன் முகமூடி செய்தார்கள். வெந்நீரில் இளக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை, ஈரம் சொட்டச் சொட்ட அண்ணனின் முகத்தில் வைத்து இழுத்துக் கட்டிலோடு பொருத்தினார்கள். இழுக்க இழுக்க அதிலிருந்த சிறு துளைகள் விரிந்து வலையாயின; சில நிமிடங்களில் அது மூக்கும் தாடையும் அச்சாகப் பதிந்து இறுகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அதற்குள் முகத்தைப் பொருத்தித்தான் சிகிச்சை. தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது என்பதற்காக. வெளியே வரும்போது நெற்றியில் கோழிவலை பதிந்ததுபோல் தடம் இருக்கும். ரயிலில் உட்லண்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடும். மூன்றாம் வாரத்தில், கதிர் நுழைந்து வெளியேறும் இடங்களில் மட்டும் முடி கொட்டியது.

மொத்த அளவு 60 கிரே; கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். அதோடு டெமோசோலோமைடு மாத்திரை, வார இறுதி உட்பட நாள்தோறும், வெறும் வயிற்றில். ரோஜர் ஸ்டுப் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 573 நோயாளிகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனைக்குப் பிறகு இதுவே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் நடுநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 12.1 மாதம்; மாத்திரையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு கடந்தவர்கள் முன்னதில் 10.4 விழுக்காடு, பின்னதில் 26.5 விழுக்காடு. இந்த எண்களை மருத்துவரிடம் நானாகக் கேட்டேன். அண்ணன் கேட்க விரும்பவில்லை. யார் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் சொல்லாததால், ஒரு நாள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு கிசுகிசுக்க வேண்டியதாயிற்று, அண்ணன் அதைக் கவனித்தும்விட்டார்.

நான்காம் வாரம், காத்திருப்புக் கூடத்தில் அண்ணன் என்னிடம், "தம்பி, இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லேன், ஒரேயடியா முடிஞ்சிடும்ல" என்றார். நான் பதில் தேடுவதற்குள் அவரே சிரித்துக்கொண்டு தலையசைத்தார். செம்பவாங் வட்டாரத்துக் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வெல்டராக வேலை பார்த்தவர் அவர். ஆம்பியரைக் கூட்டினால் பற்று இறுகும் என்பதும், அளவு மீறினால் தகட்டிலேயே ஓட்டை விழும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே தகடு என்பது நல்ல மூளை. கட்டியைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் விளிம்பையும் சேர்த்துத்தான் கதிர் வைக்கிறார்கள். அந்த விளிம்பில் நினைவும் பேச்சும் கைகால் அசைவும் இருக்கின்றன. அளவைக் கூட்டினால் நல்ல திசு அழுகிப்போகும் அபாயம் கூடுகிறது. 60 கிரேக்கு மேல் கூட்டிப் பார்த்த சோதனைகளில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னார். அளவைச் சற்றுக் கூட்டுவதால் மட்டும் இந்தக் கட்டி மசிந்துவிடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்படியானால் எதனால் தப்பிக்கிறது? எனக்குப் பளிச்சென்று புரிந்தது அறுவைக்கு முந்தைய எம்ஆர்ஐ படத்தை வைத்துக்கொண்டு மருத்துவர் விளக்கியபோதுதான். திரையில் கட்டி ஒரு மோதிரம்போல் இருந்தது: வெளியே வெள்ளை வளையம், நடுவே கறுப்பு. நடுவில் இருப்பது செத்த திசு. கட்டி கண்மூடித்தனமாக வேகமாக வளர்வதால் இரத்தக் குழாய்கள் கூடவே வளர முடிவதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளியிருந்தால்கூட ஆக்சிஜன் போய்ச் சேராது. முற்றிலும் கிடைக்காத செல்கள் சாகின்றன. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில், சாகாமலும் சரியாக மூச்சுவிடாமலும் ஒரு வரிசைச் செல்கள் கிடக்கின்றன. அவைதான் தொல்லை.

கதிர்வீச்சு செல்லை நேரடியாகச் சுட்டுப் பொசுக்குவதில்லை. பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் நீரைச் சிதைத்து, அதில் உண்டாகும் வெறிபிடித்த துகள்கள் மூலமாக டிஎன்ஏவை உடைக்கிறது. அந்த உடைப்பை நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். ஆக்சிஜன் இல்லாவிட்டால் உடைந்தது அப்படியே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஆக்சிஜன் அற்ற செல்லைக் கொல்ல, மற்றதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். இதை நிறுவியவர்களில் முக்கியமானவர் லூயிஸ் ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். 1950களில் அவர் செய்த வேலை. அண்ணனுக்கு வைத்த கதிரின் அளவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சில கட்டிகள் ஏன் மசிவதில்லை என்று காட்டியவரின் பெயராலேயே அதை அளக்கிறோம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஆக்சிஜன் ஒன்று மட்டும் காரணமில்லை. கட்டிக்குள் எல்லாச் செல்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மூலச்செல்லின் குணம் கொண்ட ஒரு சிறு கூட்டம், டிஎன்ஏ உடைந்ததும் பிரிவதை நிறுத்திக்கொண்டு, பழுதைச் சரிபார்த்து, அதன் பிறகே மறுபடி பிரியத் தொடங்குகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2006இல் இதைக் காட்டினார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டியில் இந்தக் கூட்டத்தின் பங்கு கூடிவிடுகிறது. எளியவை செத்து, வலியவை மிஞ்சும். அடுத்தது, கோரை. 2015இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், இந்தக் கட்டியின் செல்கள் மெல்லிய நீண்ட குழல்களை நீட்டி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதை உயிருள்ள எலிகளின் மூளையில் நேராகப் பார்த்தார்கள். கதிர் வைத்தபோது தனித்திருந்த செல்கள் செத்தன, கோத்துக்கொண்டவை பிழைத்தன. ஒரு செல்லுக்கு நேர்ந்த அதிர்ச்சியைப் பிணையல் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது. மருத்துவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் பக்கம் திரும்பி, "அப்பா கொத்திக் காட்டுவாரே" என்று மட்டும் சொன்னார்.

அதே கூடத்தில் ஒரு சீனப் பையன் தன் தாயாருடன் வருவான், பதினான்கு பதினைந்து வயதிருக்கும். அவனுக்கும் மூளையில்தான் கட்டி, அதே கருவிதான். அவனுடையது ஜெர்மினோமா என்று அவன் தாயார் சொன்னார். சிகிச்சை பாதியிலேயே கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டதாம். அன்று இரவு எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த வகைச் செல்கள், டிஎன்ஏ உடைந்ததும் சரிபார்க்க முயலாமல் தாமாகவே மடிந்துவிடும் இயல்புடையவை. கதிர்வீச்சு பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆகவே, "என் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூளைக் கட்டி, கதிர்வீச்சிலேயே சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், முதலில் அது எந்தக் கட்டி என்று கேளுங்கள். மூளைக் கட்டி என்பது ஒரு நோயின் பெயர் அன்று.

இதனால்தான் நோய்க்கூறியல் அறிக்கையின், அதாவது வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்து எழுதும் அறிக்கையின், நகல் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். எங்களுடையதில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஐடிஹெச் மரபணுவில் மாற்றம் இல்லை. அதாவது கடுமையான வகை. எம்ஜிஎம்டி மரபணு அடைபட்டிருக்கிறது. அது நல்ல செய்தி. டெமோசோலோமைடு உண்டாக்கும் பழுதைச் சீர்செய்யும் நொதி அந்த மரபணுவிலிருந்து வருகிறது; அது அடைபட்டிருந்தால் மாத்திரை கூடுதலாக வேலை செய்யும். இந்த வரிகளைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மருத்துவர் எங்களிடம் விரிவாகப் பேசத் தொடங்கினார் என்று எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இனி நாங்கள் செய்த பெரிய தவறு. மூளை வீக்கத்துக்காக டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதனால் அண்ணனுக்கு இரவு தூக்கம் போய், இரண்டு மணிக்கு எழுந்து மைலோ கலக்கி, ரொட்டியை முக்கிச் சாப்பிடுவார். ஏற்கெனவே இருந்த சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அண்ணி குளுக்கோமீட்டரில் 21 மில்லிமோல் (மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 380) என்று பார்த்த அன்று பயந்து, அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஸ்டீராய்டுதானே, கெடுதல்தானே" என்று நானும் ஒத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அண்ணன் வாந்தியெடுத்து, பேச்சுக் குழறி, இடது காலை இழுத்து நடந்தார். கதிர்வீச்சு பலிக்காமல் கட்டி வளர்ந்துவிட்டது என்றே நினைத்தோம். அவசரப் பிரிவில் மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் தாதி, மாத்திரைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "டெக்சா எப்போது கடைசியாகச் சாப்பிட்டார்?" என்று கேட்டபோது அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும். உடலும் தன் சொந்தச் சுரப்பை அதற்குள் நிறுத்தி வைத்திருக்கும். மருத்துவர் சொல்லும் கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரைக்குத் தனியாக மருந்து உண்டு; காலையிலேயே சாப்பிட்டுவிட்டால் தூக்கமும் அவ்வளவு கெடாது. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டி எழுதிக் கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஊரிலிருந்து வந்த மூலிகைப் பொடியையும் கதிர்வீச்சு நாள்களில் சில வாரம் கொடுத்தோம். மருந்தாளர் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார், எங்களுக்குத் தெரியவில்லை. வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரையுடன், என்னவென்றே தெரியாத ஒன்றைச் சேர்த்தால் எதனால் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நிறுத்திவிட்டோம்.

கதிர்வீச்சு முடிந்த நான்காம் வாரப் படத்தில் வெள்ளை வளையம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை. ஆனால் மருத்துவர் சிகிச்சையை மாற்ற மறுத்துவிட்டார். முதல் மூன்று மாதங்களில், கதிர் பட்ட திசு வீங்கி, மருந்துச் சாயத்தை உறிஞ்சி, கட்டி வளர்ந்ததுபோலவே தோற்றம் காட்டுவதுண்டு. எம்ஜிஎம்டி அடைபட்டவர்களுக்கு அது கூடுதலாகவே வரும். அண்ணனுக்கு அப்படித்தான்: இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் வளையம் சுருங்கியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில், கையிருப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் போகலாம் என்று உறவினர் இருவர் நெருக்கினார்கள். போகாமல் இருந்ததற்கு அண்ணனின் பிடிவாதம்தான் காரணம், என் அறிவு அன்று.

2023 ஜூலையில் வந்தது நிஜமான வளர்ச்சி. பழைய இடத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள். பெரும்பாலோருக்கு இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் திரும்புமாம். அந்த ஆண்டுதான் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் புரோட்டான் கதிர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தது என்பதால், அதைக் கேட்காத உறவினர் இல்லை. நானும் கேட்டேன். புரோட்டானின் சிறப்பு, குறித்த ஆழத்தில் நின்றுவிடுவதால் அதற்கு அப்பாலுள்ள நல்ல திசுவுக்குக் கதிர் போகாமல் காப்பது. குழந்தைகளுக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் அது பெரிய வரம். ஆக்சிஜன் இல்லாத செல்லையும் கோத்துக்கொண்ட செல்லையும் கொல்லும் வலிமையில், சாதாரணக் கதிரைவிட அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். இந்த ஒரு விளக்கம் எங்கள் வீட்டில் மூன்று மாதச் சண்டையைத் தீர்த்துவைத்தது.

மீண்டும் ஒரு குறுகிய கதிர்வீச்சு, மீண்டும் அறுவை, வீக்கத்தைக் குறைக்கும் பெவாசிசுமாப் ஊசி என்று வழிகள் சொல்லப்பட்டன. அண்ணன் மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் எது என் இடது கையை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கும்?" ஊசி ஆயுளைக் கூட்டும் என்று சோதனைகளில் நிறுவப்படவில்லை, ஆனால் கைக்கு உதவலாம் என்றார் மருத்துவர். அதையே எடுத்துக்கொண்டார். ஐந்து மாதம் அவர் தம் கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

ஒரு காரியத்தை மட்டும் சரியான நேரத்தில் செய்திருந்தோம். நெற்றிப்பகுதிக் கட்டி முடிவெடுக்கும் திறனைத் தொடக்கூடும் என்று மருத்துவ சமூக சேவையாளர் எச்சரித்ததால், கதிர்வீச்சு முடிந்த மாதமே தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ அதிகாரப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்திட்டு, அண்ணியை நியமித்தார். மனத்தெளிவு இருக்கும்போது செய்தால்தான் அது செல்லும். பதிவாகச் சில வாரங்கள் பிடிக்கும். மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, புற்றுநோய் மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் எங்களுக்கு உட்கார்ந்து விளக்கியவரும் அவர்தான். முதல் வாரத்திலேயே அவரைப் பார்க்கக் கேளுங்கள்.

டிசம்பரிலிருந்து அந்திமகாலப் பராமரிப்புத் தாதி வீட்டுக்கே வந்தார். டெக்சாமெத்தசோனைச் சற்றுக் கூட்டினார். தலைவலி தணிந்து, அண்ணனுக்குப் பசி திரும்பியது. ஓர் இரவு இரண்டு மணிக்கு, "மைலோ இருக்கா?" என்று கேட்டார். அண்ணி எழுந்து, சர்க்கரை இரண்டு கரண்டி போட்டே கலக்கிக் கொடுத்தார். குளுக்கோமீட்டர் அலமாரியில் இருந்தது, யாரும் எடுக்கவில்லை.